இரண்டு வயதில் அல்ல, எட்டு வயதில்

ஓடைப்பட்டி,
வியாழக்கிழமை.

அன்பு மகன் விஜய்பாண்டிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், ஆக்லாந்துக் குளிரில் நீயும் மருமகள் உமாதேவியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். திராட்சைப் பந்தலில் கவாத்து முடிந்து தளிர் விட்டிருக்கிறது, மழைக்கு முன்னால் மருந்தடிக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் உங்களுக்காகக் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் வருகிறாள். நீ வந்து போய் ஐந்து வருடமாகிறது, கடையில் வடை வாங்கினால் இன்னமும் மூன்று பேருக்கு வாங்கிவிடுகிறேன்.

போன வாரம் போனில், குழந்தைப்பேறு டாக்டர் கேட்டதாகச் சொல்லி, "சின்னதுல எனக்கு எந்த வயசுல ஆபரேஷன் பண்ணுனீகப்பா" என்று கேட்டாய். இரண்டு வயதுக்குள் எல்லாம் முடிந்தது என்றேன். அது பொய்யப்பா. திருத்திச் சொல்ல நாலு தடவை போனை எடுத்தேன், வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ பிறந்தபோது ஆணா பெண்ணா என்று நர்சம்மாவால் சொல்ல முடியவில்லை. சிறுநீர் வரும் வழி கீழே தள்ளி இருந்தது, விதை இரண்டும் இறங்காமல் மேலேயே நின்றுவிட்டன. ரத்தத்தைச் சோதித்து ஆண்பிள்ளைதான் என்று சொல்ல இருபது நாளானது. மதுரை டாக்டரம்மா, "ரெண்டு பக்கமும் ரெண்டு வயசுக்குள்ள எறக்கி வச்சுரணும், தள்ளிப் போட்டா பின்னால பிள்ளை பெறக் கஷ்டமாயிரும்" என்று தெளிவாகத்தான் சொன்னார்கள். ஒன்றரை வயதில் சிறுநீர் வழியையும் ஒரு பக்கத்தையும் சரிசெய்து, மறுபக்கத்துக்கு ஆறு மாதத்தில் வரச் சொன்னார்கள். நான் கூட்டிப் போகவில்லை. ஊரில் குடலிறக்கம் என்று சொல்லி வைத்திருந்தேன், மறுபடி மதுரைக்குப் போனால் என்ன ஏது என்று கேட்பார்களே என்று கூச்சம், பிள்ளையைப் பற்றி ஒரு பேச்சு வந்துவிடுமோ என்று பயம். அம்மா மாதாமாதம், "ஏங்க, இந்த மாசமாச்சும் போவமா" என்று கேட்பாள், நான் அதட்டி அடக்கிவிடுவேன். கடைசியில் உனக்கு எட்டு வயதில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளே உன்னைப் பஸ் ஏற்றிக் கூட்டிப் போய் மறுபக்கத்தையும் சரிசெய்து வந்தாள். அது குடலிறக்க ஆபரேஷன் என்றுதான் உன்னிடமும் சொல்லி வைத்தோம். நீ அப்படிப் பிறந்ததற்குத் தன் வயிற்றில்தான் ஏதோ கோளாறு என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள், நானும் இத்தனை வருடம் நினைக்க விட்டுவிட்டேன்.

டாக்டரிடம் ஒரு பக்கம் ஒன்றரை வயது, மறுபக்கம் எட்டு வயது என்று சொல். ஏன் தாமதம் என்று கேட்டால் அப்பா வெட்கப்பட்டார் என்றே சொல். உயிரணு குறைவாக இருந்தாலும் இருக்கிறது, முயன்று பார்க்கலாம் என்றார்களாமே, பாருங்கள். எது எப்படி ஆனாலும் உமாவின் மனம் நோகவிடாதே.

இருவரும் நீண்ட ஆயுசோடு ஒற்றுமையாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. என் மேல் கோபம் வரும், வரட்டும். போனில் திட்டாதே, பேசாமலும் இருந்துவிடாதே. லீவு போட்டுவிட்டு நேரில் வா. பத்து நாள் இருந்து தீரத் தீரத் திட்டு, எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா,
ராக்கையா