பாதியில் விட்ட 'ஆனா'

786
ஏற்காடு,
12.2.2025

அன்புள்ள செல்வியக்காவுக்கு, மைமூன் எழுதுவது. இங்கே நானும் அவரும் மகள் ரிஸ்வானாவும் இறைவன் கிருபையால் நலம். நீங்களும் ஜோஸ்லினும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

ஹஜ்ஜுக்கு எங்கள் இருவர் பேரும் வந்துவிட்டது அக்கா. மே மாதம் பத்தாம் தேதி சென்னையில் விமானம். போவதற்கு முன்னால் பழகின எல்லோரிடமும் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். மனிதருக்குச் செய்த தப்பை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும், அதை அல்லாஹ்வே அவர்களிடம் விட்டுவிட்டான் என்பார்கள். அவர் இதற்கென்று இருநூறு கார்டு அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டார். 'தெரிந்தோ தெரியாமலோ' என்று போட்டிருக்கிறது பாருங்கள். அதில் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வாழவந்திக்கு பஸ் ஏறி வந்து நேரிலேயே கேட்டிருக்க வேண்டும். இரண்டு தரம் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். ஏறவில்லை. போனிலும் வாய் வரவில்லை. மாப்புச் செய்தேன் என்று நீங்கள் கைப்பட நாலு வரி எழுதி அனுப்பினால் போதும்.

உங்கள் தங்கை,
மைமூன்


இயேசு மரி சூசை
வாழவந்தி,
20.2.2025

என் அன்புக் கண்ணு மைமூனுக்கு,

நாலு வரி கேட்கிறாய். நான் நாலு பக்கம் எழுதுகிற ஆள் என்று உனக்குத் தெரியாதா? உன் கார்டைக் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து ஜோஸ்லின் முகூர்த்த நேரத்தைத் தேடினாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். முப்பது வருஷம் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு உன் கடையில் யூனிபார்ம் தைத்து வாங்கின வார்டன் நான். எனக்கு நீ செய்த தப்புதான் என்ன? என் ஜாக்கெட்டுக் கையை எப்போதும் பிடித்துத் தைப்பாயே, அதுவா? அதற்கும் சேர்த்து மன்னித்தேன், போ.

நீ ஹஜ்ஜுக்குப் போவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஒரு குறை உண்டு. வர வர நீ பேசுவதே இல்லை. கிறிஸ்துமஸ் துணியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேனே, அன்றைக்கு மேனகா உட்கார்ந்து மருமகள் கதையை அளந்துகொண்டிருந்தாள். முன்பென்றால் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாய். இப்போது மிட்டாயை வாயில் அதக்கிக்கொண்டு 'ம்', 'ம்' என்கிறாய். "ஏனுங்க, மைமூனக்காவுக்கு நம்ம மேல கோவமுங்களா?" என்று மேனகா வெளியே வந்து என்னைக் கேட்டாள்.

ஜோஸ்லினுக்கு ஜூனில் முப்பத்தொன்று முடிகிறது. டீச்சர் வேலை, வீடு, கோயில் என்று அவள் பாட்டுக்கு இருக்கிறாள். அந்த அஸ்தம்பட்டி வீட்டார் நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டு ஏன் பின்வாங்கினார்கள் என்று ஆறு வருஷமாகியும் எனக்கு விளங்கவில்லை. யார் வாய் வைத்தார்களோ. பிறகு வந்தவர்களெல்லாம் "மொதல்ல ஏனுங்க நின்னுது?" என்று கேட்டுவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள். நீ புனிதமான இடத்துக்குப் போகிறாய். அங்கே நின்று என் பிள்ளைக்கு ஒரு கல்யாணம் கூடி வர வேண்டிக்கொள் கண்ணு. உன் வாய் வார்த்தை பலிக்கும்.

உன் அக்கா,
லூர்துசெல்வி


786
ஏற்காடு,
9.3.2025

செல்வியக்காவுக்கு, மைமூன் எழுதுவது.

இன்று எட்டாம் நோன்பு. உங்களுக்கும் தவக்காலம் தொடங்கியிருக்கும். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. கார்டுக்குக் கிடைத்த மன்னிப்பு திருடின பொருளைப் போல என் கையில் இருக்கிறது. எதை மன்னித்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

அஸ்தம்பட்டி வீட்டாரிடம் வாய் வைத்தது நான்தான்.

நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மாவும் பெரியம்மாவும் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிற சாக்கில் கடைக்கு வந்தார்கள். "ஏனுங்க, வார்டனம்மா பொண்ணு எப்படிங்க?" என்றார்கள். "தங்கமான புள்ளைங்க" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "ஆனா..." என்றேன். சொல்லிவிட்டுக் குனிந்து நூலைப் பல்லால் கடித்தேன். "ஆனா என்னங்க?" என்றார்கள். "நமக்கெதுக்குங்க, உடுங்க" என்றேன். அவ்வளவுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

அந்த ஆனாவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை அக்கா. சத்தியமாக ஒன்றும் இல்லை. ஜோஸ்லினிடம் நான் ஒரு குறையும் கண்டதில்லை. ரிஸ்வானா தலாக் ஆகி வீட்டுக்கு வந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. உங்கள் வீட்டில் பந்தல் போடுவதை என்னால் தாங்க முடியவில்லை. பொறாமை. அதற்கு வேறு பேர் கிடையாது.

ஹஜ்ஜுக்கு எழுதிப் போட்டதிலிருந்து என்னைத் திருத்திக்கொள்ளப் பார்க்கிறேன். ஐந்து வேளைத் தொழுகையும் தவறுவதில்லை, நோன்பும் விட்டதில்லை, இந்த வாய் மட்டும் அடங்க மாட்டேன் என்றது. புறம் பேசுகிறவரின் தொழுகைக்கும் நோன்புக்கும் என்ன மதிப்பு இருக்கும்? அதனால் 'ஆனா' என்ற சொல்லையே விட்டேன். கடையில் ஊர்ப்பேச்சு எழுந்தால் டப்பாவிலிருந்து ஒரு பட்டனை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வேன். நீங்கள் மிட்டாய் என்று நினைத்தது அதுதான்.

பேர் சொல்லாமல் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். "சொன்னா அவங்க மனசு இன்னும் புண்படும்னா சொல்ல வேண்டியதில்லம்மா. யாருகிட்டக் குறை சொன்னீங்களோ, அவங்ககிட்டயே போயி நல்லதச் சொல்லுங்க. துஆ கேளுங்க" என்றார். அஸ்தம்பட்டிக்குப் போனேன். அந்தப் பையனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். "அன்னிக்கு நான் சொன்னது பொய்ங்க" என்றேன் அவன் அம்மாவிடம். அந்த அம்மா, "நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார்.

அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். நீங்கள் ஜோஸ்லினுக்காக வேண்டச் சொல்லி எழுதிவிட்டீர்கள். நான் கெடுத்ததையே நான் போய் அங்கே நின்று கேட்பதா அக்கா? தெரிந்து மன்னியுங்கள். மன்னிக்க முடியாது என்றால் அதையும் தெரிந்து சொல்லுங்கள்.

மைமூன்


786
ஏற்காடு,
2.4.2025

அக்கா,

பெருநாளும் போய்விட்டது. உங்களுக்குத் தவக்காலம் என்று கறி போடாமல் தேங்காய்ச் சோறு செய்து ரிஸ்வானாவிடம் கொடுத்து அனுப்பினேன். தூக்கு திறக்காமலே திரும்பி வந்தது. உங்கள் கோபம் நியாயம். திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

மைமூன்


வாழவந்தி,
8.4.2025

திருமதி மைமூன் அவர்களுக்கு,

நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் கிடைத்தன.

நீங்கள் சுத்தமாக விமானம் ஏற வேண்டும். அதற்காக உங்கள் மனதில் கிடந்ததை எடுத்து என் மனதில் இறக்கி வைத்துவிட்டீர்கள். ஹஜ்ரத் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

நீங்கள் ஒரு சொல்லோடு விட்டீர்கள். அதற்குப் பிறகு என் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. நல்ல குடும்பம் காரணமில்லாமல் பின்வாங்குமா என்று நான் என் பிள்ளையைத்தான் பிடித்தேன். "உண்மையச் சொல்லு, யாருகூடப் பேசுன?" என்று கேட்டேன். அவள் போனை எடுத்துத் துருவினேன். கூட வேலை செய்கிற சார் ஒருவர் மழையில் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அதற்கு அவளைக் கைநீட்டி அடித்தேன், இருபத்தைந்து வயதுப் பெண்ணை. சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணு, பண்ணு என்று நச்சரித்தேன். "பண்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று அழுவாள். அந்த ஆனாவுக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்கிறீர்கள். நான் அங்கே என்னென்னவோ வைத்துப் பார்த்துவிட்டேன்.

மன்னிப்பு என் கையில் இல்லை. யாருக்குச் செய்தீர்களோ அவர்களிடம் கேட்க வேண்டும் என்று உங்கள் மார்க்கமே சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அது என் பிள்ளை. அவளிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியாமல் நிற்கிறேன்.

லூர்துசெல்வி


786
ஏற்காடு,
13.4.2025

அக்கா,

என்னைச் சுத்தமாக்கிக்கொள்ள உங்களை வருத்தினேன் என்கிறீர்கள். ஆமாம்.

ஜோஸ்லினுக்குத் தனியாக எழுதின கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. கொடுப்பதும் கிழிப்பதும் உங்கள் விருப்பம். அவள் மன்னிக்காவிட்டால் மன்னிப்பில்லாமலே போவேன். கஃபாவுக்கு முன்னால் நின்று அதையும் சொல்லித்தான் அழுவேன்.

மைமூன்


இயேசு மரி சூசை
வாழவந்தி,
21.4.2025

மைமூனுக்கு,

நேற்று எங்களுக்கு உயிர்ப்புப் பெருநாள். புனித வெள்ளியன்று கோயிலுக்குப் போய்வந்ததும் உன் கடிதத்தை ஜோஸ்லினிடம் கொடுத்தேன். அடுப்படியில் நின்றபடியே இரண்டு தரம் படித்தாள். "பாத்தியா கண்ணு, அவ பண்ணுன வேலைய?" என்றேன்.

அவள் கடிதத்தை மடித்தாள். "மைமூன் ஆன்ட்டி ஒருவாட்டி சொன்னாங்கம்மா. நீ ஆறு வருசமாச் சொன்ன. அவங்க மன்னிப்புக் கேட்டுட்டாங்க. நீ எப்பக் கேக்கப் போற?" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவளை அடித்ததை உனக்கு எழுதினேனே மைமூன், உன்னைக் குத்திக்காட்டத்தான் எழுதினேன். அவளிடம் வருத்தம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெற்றவள் பிள்ளையிடம் கேட்பதா என்று இரண்டு நாள் மனசு முறுக்கிக்கொண்டு கிடந்தது.

நேற்று பூசை முடிந்து வந்ததும் கேட்டேன். எப்படிக் கேட்டேன் தெரியுமா? "மன்னிச்சிரு சாமி. ஆனா நா உன்ற நல்லதுக்குத்தான்..." என்றேன். அவள் என்னையே பார்த்தாள். எழுந்து வெளியே போய்விட்டாள். என் வாயிலிருந்து விழுந்தது என்ன சொல் என்று அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

இன்று காலை மறுபடியும் கேட்டேன், அந்தச் சொல் இல்லாமல். காப்பி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நொம்ப நாள் ஆச்சும்மா. யோசிக்கறேன்" என்றாள். எனக்கு அதுவே பெரிது.

உனக்கு அவள் சொல்லி அனுப்பியது: "ஆன்ட்டிய மன்னிச்சிட்டேன்னு எழுதிரு. கல்யாணத்துக்கெல்லாம் வேண்ட வேண்டாம். நா நல்லா இருக்கோணும்னு மட்டும் கேக்கச் சொல்லு." அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

என்னைக் கேட்டால், மன்னித்தேன் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. எழுதப் போனால் அடுத்த சொல் ஆனா என்றுதான் வருகிறது. நீ விமானம் ஏறுவதற்குள் அந்தச் சொல் இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

அதற்கு ஒரு உபகாரம் செய். உன் டப்பாவிலிருந்து ஒரு பட்டன் ரிஸ்வானாவிடம் கொடுத்து அனுப்பு. நாலு ஓட்டை வைத்த பெரிய பட்டனாகப் பார்த்துக் கொடு. சின்னதென்றால் நான் முழுங்கிவிடுவேன்.

உன் அக்கா,
செல்வி