மாதா கோயில் கல்லில் வேலன் பெயர்

சேசு மரி சூசை துணை

அன்னூர்,
6-11-1965

அன்பு மகன் சவரிராஜுக்கு அப்பா ஞானமுத்து எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், நீயும் உன்னோடு பட்டாளத்தில் இருப்பவர்களும் அம்பாலாவில் சுகமென்று நம்புகிறோம். சண்டை நின்ற பிறகு வந்த உன் கார்டை அம்மா தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள், எழுத்து அழிந்துவிடும் என்றால் கேட்பதில்லை. மழை நன்றாகப் பெய்து சோளம் கதிர் வந்துவிட்டது, எருமை கன்று போட்டது, கிடாரி. அங்கே குளிர் என்று கேள்வி, கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பத்திரப்படுத்தாமல் உடம்பில் போட்டுக்கொள்.

இந்த மழையில் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துச் சுவர் இடிந்து, பர்மா சண்டையில் இறந்தவர்கள் பெயர் பொறித்த கல்லும் சாய்ந்துவிட்டது, உன் சித்தப்பா அமிர்தராஜின் பெயர் இருக்குமே, அந்தக் கல்தான். நிமிர்த்தி வைக்கக் கல்தச்சர் வேலுமணி வந்தார், சேதி தெரிந்து சுப்பாத்தாளும் வந்துவிட்டார். சித்தப்பாவோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவிலேயே இறந்துபோன வேலனின் மனைவி. கல்லறைத் திருநாளுக்கு நாம் மெழுகுவர்த்தி ஏற்றும்போது கல்லடியில் ஒரு மண் அகல் எரியுமே, அது அவர் வைப்பது. இந்தத் தடவையாச்சும் அவிய பேரப் போடுவீங்களா என்று கேட்டார். ஞானஸ்நானப் பதிவேட்டில் இல்லாதவருக்கு நம் கல்லில் இடமில்லை என்று பதினெட்டு வருடமாக அவரைத் திருப்பி அனுப்பியவன் நான்தான், பதிவேட்டை வைத்திருப்பவனும் நானே. கோயில் கமிட்டியில் அதையே சொல்லத்தான் எழுந்தேன், தம்பி நினைவு வந்துவிட்டது. உன்னிடமும் சொன்னதில்லை, சித்தப்பா பெயரும் பதிவேட்டில் கிடையாது. நம் குடும்பம் ஞானஸ்நானம் பெற்றதே அவன் செத்த மறு வருடம்தான். எங்கள் ஆத்தா அழுத அழுகைக்கு அப்போதிருந்த பங்குச் சாமியார் கல் நட்டபோது அவன் பெயரையும் சேர்த்துவிட்டார், நானும் வாயை மூடிக்கொண்டேன். பதிவேடுதான் சட்டம் என்றால் முதலில் என் தம்பி பெயரைக் கொத்தி எடுங்கள் என்று சொல்லி உட்கார்ந்தேன். எடுத்துவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. சாமியார் பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளி, இரண்டு பெயரும் இருக்கட்டும் என்றார்.

வேலுமணி கடைசி வரியாக வேலன் பெயரை வெட்டினார். நான் சுப்பாத்தாளிடம் மன்னிப்புக் கேட்டேன். உடுங்க, இப்பவாச்சும் போட்டீங்களே என்றவர், அதற்குக் கீழே வெறுமனே கிடந்த இடத்தைக் காட்டி, இது எதுக்குங்க என்றார். பின்னால தேவைப்படுமுங்க என்று வேலுமணி சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு உன் முகம்தான் வந்தது. சுப்பாத்தாளும் என்னைப் பார்த்து, வேண்டாமுங்க என்றார். அந்த இடம் முழுக்கத் திராட்சைக் கொடி செதுக்கச் சொல்லிவிட்டேன், நேற்று முடிந்தது, அழகாக இருக்கிறது.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், தினமும் ஜெபமாலை சொல், அம்மாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது. கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டு வந்து கல்லைப் பார். இனி அதில் ஒரு பெயருக்கும் இடமில்லை.

ஆசிகளுடன்,
உன் அப்பா
ஞானமுத்து