மேசைக் காலடியில் மூன்று மூடிகள்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

கடிதம் என்றால் முதலில் யாருக்கு என்று எழுத வேண்டும் என்றார் டீச்சர். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து உன்னை 'இந்தாம்மா' என்றுதானே கூப்பிட்டு வந்திருக்கிறேன். உன் பேரை எழுதிப் பார்த்தேன், வேறு யார் வீட்டுப் பெண்ணுக்கோ எழுதுவதுபோல் கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. நீ மகள் வீட்டுக்கு விமானம் ஏறிய மறுவாரமே நூலகத்தில் நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். பாதியில் விட்டால் நீ சிரிப்பாய் என்று சொல்லவில்லை. இப்போது தெருவில் ஒரு பலகையைக்கூட விடுவதில்லை, நின்று கூட்டிக் கூட்டிப் படிக்கிறேன். முனைக் கடைக்காரர், "என்ன பெரியவரே, பலகையைப் படிக்கிறீங்களா, கடையையே விலை பேசப் போறீங்களா?" என்று கேட்கிறார். ஒரு பக்கம் எழுதிமுடிக்க எனக்கு ஒரு பகல் ஆகிறது. ஆகட்டுமே. ஒவ்வொரு எழுத்தும் வளைந்து நெளிந்து வந்து உட்காரும்போது, தைத்து முடித்த மெத்தையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி சந்தோஷமாக இருக்கிறது.

நான் மெத்தை தைத்த காலத்து மேசையைத்தான் ஷெட்டிலிருந்து இழுத்துவந்து ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். அதற்கு ஒரு கால் குட்டை என்பது உனக்கே தெரியும். எழுத உட்கார்ந்தால் ஆடிக்கொண்டே இருந்தது. போன வாரம் ஷெட்டைப் பெருக்கும்போது வட்டமாக, தடியாக, கறுப்பு ரப்பர் மூடிகள் மூன்று கிடைத்தன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காலுக்கடியில் வைத்தேன். இப்போது அசையாமல் நிற்கிறது. என் எழுத்து இவ்வளவு நேராக இருப்பதற்கு அதுதான் காரணம்.

மகளின் கால்கட்டைப் பிரித்தாயிற்றா? படியிறங்கும்போது பிடித்துக்கொள்ளச் சொல்.

இனி நம் மகனின் காரைப் பற்றி. இதைப் போனில் சொல்ல முடியாது. எனக்குக் காது மந்தம் என்று அவன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். நான் உன்னிடம் பேசுவது கூடம் முழுக்கக் கேட்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ இருந்தபோது அந்தக் கார் எப்படிக் கத்தும் என்று உனக்குத் தெரியும். அவன் பிரித்து மேய்ந்து, வேகத்துக்காக என்னென்னவோ மாட்டி, என்னென்னவோ கழற்றிப் போட்டபிறகு, தெருமுனையில் திரும்பும்போதே நம் ஜன்னல் கண்ணாடி அதிரும். பேத்தி பாப்பா தூக்கிவாரிப்போட்டு எழுந்து வீறிடுவாள். நீ போனபிறகு எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நின்று, "உங்க பையன் ஆபீசுக்குக் கார்ல போறானா, ஹெலிகாப்டர்ல போறானா?" என்று கேட்டார். தெருவில் எல்லாரும் சேர்ந்து, சத்தம் குறையாவிட்டால் வண்டி உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். தினமும் சாப்பாட்டில் உட்காரும்போது அதே பேச்சை எடுத்தேன். கடைசியில் இறங்கிவந்தான்.

சைலன்சர் வைக்கிற ஒருவரைக் கூட்டி வந்தான். ஊரில் அவரை மௌனசாமி என்கிறார்கள். வண்டிகளின் வாயை அடைப்பது தொழில், தன் வாயை மட்டும் அவரால் அடைக்க முடியாது. என்ஜினிலிருந்து பின்பக்கம் வரை நேராக ஓடிய குழாயை நடுவில் அறுத்து ஒரு நீள டப்பாவை வைத்துப் பற்றவைத்தார். கடைசியில் இன்னொரு பெரிய சைலன்சர். அதற்குள் கண்ணாடிப் பஞ்சைத் திணிப்பதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. இறுக்கித் திணித்தால் கல்லாகும், தளர விட்டால் பள்ளமாகும், தலையணைபோலத்தானே என்றேன். "அட, நம்ம ஆளு! வாங்க பெரியவரே, சேர்ந்து கடை போடலாம். நம்ம மெத்தையில படுத்தா குறட்டைகூட வெளிய கேக்காது" என்றார்.

மகன் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதம் பிடித்தான். முன்பு குழாய் பீரங்கிபோல் வெளியே நீட்டிக்கொண்டு இருந்ததே, புதுக் குழாய் ஒல்லி. நண்பர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று, பின் பம்பருக்கு அடியிலேயே மறையும்படி வெட்டச் சொன்னான். மௌனசாமி, "ஒரு சாண் வெளிய நீட்டி இருந்தா நல்லது தம்பி" என்றார். இவன் கேட்கவில்லை. அவர் போனபிறகு இவனே டிக்கியைக் கழுவிவிட்டு, சத்தத்தை அமுக்கும் கனமான கறுப்புப் பாயை உள்ளே தரையெல்லாம் ஒட்டினான்.

இப்போது கார் வருவதே தெரிவதில்லை. வாத்தியாரே அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாரையும்விடப் பெரிய ஆச்சரியம் நம் பாப்பாதான். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குப் போனார்கள். அந்த வண்டியில் ஏறினாலே அழுகிறவள், தெரு தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாளாம். மருமகளும் பின்சீட்டில் அவள் பக்கத்திலேயே கண்ணயர்ந்துவிட்டாளாம். மகன் தன் பக்கக் கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்து ஓட்டுகிறவன், அவன் தெம்பாகத்தான் வந்தான். "பாத்தீங்களாப்பா, கார் தொட்டிலாயிடுச்சு" என்று பூரித்துப்போனான்.

இந்தாம்மா, குழந்தை தூங்குவதைப் பார்த்துப் பயப்படுகிற கிழவனை நீ பார்த்திருக்கிறாயா? நான் பயந்தேன். பாப்பாவை நான்தான் சீட்டிலிருந்து தூக்கினேன். அவள் தூங்கும்போது என் விரலைப் பிடித்தால் விடமாட்டாளே, அன்று கை விரிந்து துணிபோல் தொங்கியது. கன்னம் சிவந்திருந்தது. கூப்பிட்டேன், எழவில்லை. உள்ளே கொண்டுவந்து காற்றில் வைத்திருந்தபிறகுதான் சிணுங்கினாள். மருமகள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் என்றாள். அன்று வெயிலே இல்லை.

இரண்டாவது தடவையும் அப்படியே நடந்தது. அந்த வண்டியில் ஏதோ சரியில்லை என்று மகனிடம் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "சத்தம் இருந்தாலும் குத்தம், இல்லாட்டியும் குத்தமா? நீங்க கேட்டீங்கன்னுதானேப்பா செஞ்சேன்" என்றான். என்ன சரியில்லை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பயத்தை மட்டும் எப்படி எடுத்துக் காட்டுவது?

அடுத்த மாதம் மருமகளின் அப்பா வீட்டுக்கு அதே காரில் போகப்போகிறார்கள். அரைநாள் பயணம். நீ போன் பண்ணும்போது, பஸ்ஸில் போங்கள் என்று உன் வார்த்தையாகச் சொல். நீ சொன்னால் கேட்பான். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே. இந்தக் கடிதம் அதற்குமுன் உன் கைக்கு வந்துசேர வேண்டும்.

இப்படிக்கு,
நீ 'என்னங்க' என்று கூப்பிடுகிறவன்.


சனிக்கிழமை

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

என் முதல் கடிதம் இன்னும் வழியில்தான் இருக்கும். மகனுக்குத் திடீரென்று இந்த வாரமே லீவு கிடைத்தது. இன்று காலை கிளம்பிப் போய்விட்டார்கள்.

வாசலில் நின்று தடுத்துப் பார்த்தேன். வழியெல்லாம் சாலை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், தூசி வரும் என்று மருமகள் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றச் சொன்னாள். இந்தத் தடவை மகனும் தன் பக்கத்தை ஏற்றினான். பாப்பா கண்ணாடிக்குள்ளிருந்து கையாட்டினாள். வண்டி சத்தமில்லாமல் நழுவிப் போயிற்று. முன்பென்றால் பெரிய ரோடு ஏறும்வரை காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். என் மந்தக் காதுக்கே கேட்கும்.

கொஞ்ச நேரத்தில் மௌனசாமி வந்தார். வேலைசெய்த அன்று ஷெட்டில் விட்டுப்போன ஜாக்கியை எடுக்க வந்தாராம். தண்ணீர் கொடுத்து இந்த மேசையருகே உட்காரவைத்தேன். எழுதியதைக் காட்டத்தான். "கையெழுத்து என்னைவிட நல்லா இருக்கே, மனு ஏதாச்சும் எழுதணும்னா உங்ககிட்டயே வந்துடறேன்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேசிக்கொண்டே கீழே குனிந்தவர் பேச்சை நிறுத்தினார். அந்த மனுஷன் பேச்சை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"ஐயா, இது ஏது?" என்று மேசைக் காலைக் காட்டினார்.

சொன்னேன். அவர் மேசையைத் தூக்கி மூடிகளை உருவினார். டிக்கியின் தரையில் ஸ்டெப்னி டயர் உட்காரும் குழிக்குள் ஓட்டைகள் இருக்குமாம், அவற்றை அடைக்கிற மூடிகளாம். கழுவிய தண்ணீர் வடியட்டும் என்று மகன் பிடுங்கிப் போட்டிருக்கிறான். பாய் ஒட்டும்போது மாட்டலாம் என்று நினைத்திருப்பான். அதற்குள் நான் பெருக்கி எடுத்துக்கொண்டேன். கண்ணில் படாதது அவன் நினைவிலும் இல்லை. அந்தக் குழிக்குள் பாயையும் ஒட்டாமல், ஓட்டைமேல் டயரை வைத்து மூடிவிட்டான்.

மழைத்தண்ணீர்தானே உள்ளே வரும் என்றேன். அவர் தலையில் கைவைத்தார். "தண்ணி வந்தா பரவால்லையே! குழாய் பம்பருக்கு அடியிலயே முடியுதே, புகை நேரா அந்த ஓட்டை வழியா உள்ளதான் ஏறும். வேகத்துக்காகப் புகையை வடிகட்டுற டப்பாவையும் தம்பி முன்னாடியே கழட்டிட்டான். அந்த விஷம் கண்ணுக்குத் தெரியாதுய்யா. ஆளைத் தூங்க வெச்சே கொன்னுடும்."



என் சின்னப் போனை எடுத்தேன். எப்போதும் நீயோ மருமகளோதான் நம்பர் போட்டுத் தருவீர்கள். இன்று மகனின் பேரை நானே எழுத்துக் கூட்டித் தேடிக் கண்டுபிடித்தேன். இதற்கா நான் படித்தேன் என்று நினைத்துக்கொண்டே அழுத்தினேன். அடித்தது, எடுக்கவில்லை. ஓட்டும்போது அவன் போனைத் தொடமாட்டான். மருமகளுக்குப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. போன் அடித்து எடுக்காதவளா அவள்? மௌனசாமி தன் போனிலும் போட்டுப் பார்த்தார். பிறகு மூடிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நீங்க அடிச்சிட்டே இருங்க பெரியவரே, நான் ரோட்டைப் புடிக்கிறேன்" என்று மோட்டார் சைக்கிளில் பறந்துவிட்டார்.

நான் தனியாக இருக்கிறேன். போனைப் போடுகிறேன், வைக்கிறேன், ஒரு வரி எழுதுகிறேன். கைக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. வாசலில் எந்த வண்டி போனாலும் எழுந்து ஓடுகிறேன். திரும்பி வந்தால்கூட அந்தக் காரின் சத்தம் எனக்குக் கேட்காதே. இந்தாம்மா, அது பழையபடி தெருவே அதிரக் கத்திக்கொண்டு வந்தால் வாத்தியார் காலில் நான் விழுந்துகொள்கிறேன்.

இப்போது போன் அடிக்கிறது.

மகன்தான் பேசினான். இப்போது சாயங்காலம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

போகிற வழியில் மருமகளிடம் தண்ணீர் கேட்டிருக்கிறான். பதில் இல்லை. திரும்பவும் கேட்டிருக்கிறான். அவனுக்கும் தலை சுற்றியிருக்கிறது. பெட்ரோல் பங்கு ஒன்றில் ஓரங்கட்டிக் கதவைத் திறந்ததும் காற்றுப் பட்டு அவள் விழித்து வாந்தி எடுத்தாளாம். அப்போதுதான் போனைப் பார்த்தானாம். "அவளுக்கு உடம்பு சரியில்லப்பா, அதான் நிறுத்தினேன்" என்றான்.

பாப்பா எங்கே என்று கத்தினேன். தூங்குகிறாள், எழுப்பவேண்டாம் என்று உள்ளேயே விட்டிருக்கிறானாம். வெளியே தூக்கு என்றேன். "ஏம்ப்பா..." என்று இழுத்தான். "தூக்குடா!" என்றேன். வளர்ந்தபிறகு அவனை நான் டா போட்டதில்லை. காலடிச் சத்தம் கேட்டது. பிறகு அவன் அவள் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. முதலில் கொஞ்சலாக. பிறகு வேறு குரலில். மருமகள் அலறினாள். கன்னத்தில் தட்டு, கிள்ளு, காற்றைப் பார்த்துப் பிடி என்று நான் இங்கே கூடத்தில் நின்று கத்தினேன். அவனுக்குக் கேட்டதோ இல்லையோ. அதன்பிறகு எதுவுமே கேட்கவில்லை. என் காது மந்தத்தாலா, அங்கேயே சத்தம் இல்லையா என்று தெரியவில்லை. அந்த நேரத்தை எழுத எனக்கு இன்னும் எழுத்து வரவில்லை.

அப்புறம் பாப்பா அழுதாள். நீ கேட்டிருக்க வேண்டும். தெருவே திரும்பிப் பார்க்கிற அந்தப் பழைய வீறல். மூச்சு வாங்கி மூச்சு வாங்கி அழுதாள். மகன், "அழுவுறாப்பா, அழுவுறா" என்று அவனும் அழுதான்.

பிறகு ஓட்டைகளைச் சொன்னேன். மூடிகளை மாட்டவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. "அந்த மூடி எங்கப்பா இருந்துச்சு?" என்றான். என் மேசைக் காலடியில் என்றேன்.

பங்கில் இருந்தவர்கள் வேறு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மௌனசாமியும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். பாப்பாவுக்கும் மருமகளுக்கும் முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுக்கிறார்களாம். நேரத்துக்கு இறக்கினீர்கள் என்றாராம் டாக்டர். ஆனாலும் பார்க்க வேண்டும், நாளைக்குத்தான் சொல்வேன் என்றாராம். நாளை என்ன சொல்வார் என்று அவனிடம் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

நீ இதைப் படிக்கும்போது அந்த நாளை தாண்டிப் போயிருக்கும். உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். எனக்கு இன்னும் இன்றைக்குத்தான். நீ போன் பண்ணும்போது மகனைத் திட்டாதே. பாப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல். அவள் அழுதால் சமாதானப்படுத்தாதே, கொஞ்ச நேரம் அழட்டும், ஸ்பீக்கரிலேயே இருக்கட்டும். மகளின் கால் சரியானால் நீ சீக்கிரம் வந்துவிடு.

முதல் கடிதத்தில் எழுத்து நேராக இருந்ததே, இதில் ஏன் இப்படி நெளிகிறது என்று நினைப்பாய். மூடிகளை மௌனசாமி எடுத்துக்கொண்டு போய்விட்டார் அல்லவா? மேசைதான் ஆடுகிறது. வேறொன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் என்னங்க.