நீலத் தொட்டியில் முக்கியெடுத்த கைப்பிடிகள்

மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளரில் மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர். பள்ளிப் பாடத்துக்காகப் பேத்தி அதில் இரும்பு ஆணியைப் போட்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஆணி செம்பு நிறமாகிவிட்டது. "தாத்தா, தொடச்சா கையோட வந்துடுது பாரு" என்று விரலை நீட்டினாள். அந்தச் சிவப்பைப் பார்க்க முடியாமல் எழுந்து வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ படிக்கப் போவதில்லை, அந்தத் தைரியம்தான்.

எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூர் முலாம் பட்டறையில் தொட்டிகள் உன் பொறுப்பு. நான் உனக்குக் கையாள். மேனாம்பேட்டிலிருந்து சைக்கிளில் வந்ததும் முதலில் தொட்டியைத்தான் எட்டிப் பார்ப்பாய். "இரும்பு கரைஞ்சி தண்ணிக்குள்ள பூடுது மச்சான், அது உட்ட எடத்துல செம்பு வந்து குந்திக்குது. ஆனா சும்மா மேலாக்க ஒட்டிக்கினு கீது. மொத தொட்டியில கரென்ட் குடுத்து செம்ப ஏத்திட்டுதான் நீலத் தொட்டிக்கு வரணும்" என்பாய்.

அன்று குழந்தைக்குக் காய்ச்சல் என்று காலையிலேயே கிளம்பிவிட்டாய். கரென்ட் இல்லை. டிரங்குப் பெட்டிக் கைப்பிடிகள் மதியம் போயாக வேண்டும். "கரென்ட் வர்ற வரைக்கும் தொடாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா, நேராக நீலத் தொட்டியில் முக்கினேன். பளபளவென்று வந்தது. கட்டி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அத்தனையும் திரும்பி வந்தன. முதலாளி ஒன்றைத் துணியால் துடைத்தார். துணி சிவந்தது, கைப்பிடி வெளுத்தது. "யாருய்யா பார்த்த வேலை இது?" என்றார். நீ துணியைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். நான் நகக்கண்ணில் இருந்த நீலக்கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். "தொட்டி என் பொறுப்பு முதலாளி" என்றாய். அன்றே உன்னை அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் தொட்டி என் பொறுப்பானது. நீ விட்ட இடத்தில் நான் குந்திக்கொண்டேன்.

பிறகு ஒருமுறை அண்ணனூர் ஸ்டேஷனில் பார்த்தோம். "தொட்டிலாம் எப்டி கீது மச்சான்?" என்று சிரித்தாய். அதற்கு நீ என்னை அறைந்திருக்கலாம்.

போன மாதம் உன் சாவுக்கு வந்தேன். "நீங்க யாரு?" என்று உன் மகன் கேட்டான். "அப்பா கூட வேலை செஞ்சவன்" என்றேன். பக்கத்தில் நாற்காலி போட்டு, டீ கொடுத்தான். குடித்தேன். "முக்கினது நான்தான்" என்ற இரண்டு வார்த்தை அப்போதும் வாயிலேயே நின்றுவிட்டது.