மாப்பிள்ளைக்கு வைத்த ஃப்ளெக்ஸ்

கௌதமபுரம், அல்சூர்,
பெங்களூரு.
ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணு வீணாவுக்கு,

உன் அம்மா ஜானகி எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் வீட்டில் இருப்பதே நானும் உன் அப்பாவும்தான். அதில் ஒருவர் சௌக்கியமாக இல்லை. நீ பெல்ஜியத்தில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அதற்கும் ஒழுங்கான பதில் வருவதில்லை. போன் செய்தால் "டியூட்டில இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். எந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு ஒரு மாதமாக விடாமல் டியூட்டி போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். எதிர்வீட்டு ரக்ஷா படிப்பதற்கு உங்கள் ஊருக்கே வருகிறாள். கடிதத்தை உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். படிக்காமல் போய்விடாதே.

அவளிடமே ஒரு பொட்டலமும் இருக்கிறது. ரசப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், மாப்பிள்ளைக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு. கவருக்குள் கவர் போட்டுச் சுற்றியிருக்கிறேன். பெட்டியில் வாசனை வந்தால் ரக்ஷாவின் அம்மா என்னைச் சும்மா விடமாட்டாள்.

இப்போது ஃப்ளெக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். நீ அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பாய், முழுசாகச் சொல்கிறேன். ஜெர்மனியிலிருந்து பெரிய ஃபுட்பால் கிளப் ஒன்று ஆடக் கூப்பிடுகிறது என்று மாப்பிள்ளை போனில் சொன்னபோதே, "டாக்டர் பாத்து சைன் ஆகுற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமா" என்றுதான் சொன்னார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். உன் அப்பா யாரிடமும் சொல்லவில்லை. விக்கியிடம் மட்டும் சொன்னார். பிரிண்டிங் கடை வைத்திருப்பவனிடம் ரகசியம் சொன்ன ஒரே மனிதர் இந்த ஊரில் உன் அப்பாதான்.

நம் தெருவில் காது குத்தினாலும் ஃப்ளெக்ஸ், கவுன்சிலருக்குப் பிறந்தநாள் என்றாலும் ஃப்ளெக்ஸ். மறுநாள் காலையில் பால் வாங்கப் போனவள் தெருமுனையில் நின்றுவிட்டேன். மாப்பிள்ளை ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறார், அந்த ஜெர்மனி கிளப்பின் பனியனோடு. முகம் அவருடையது, உடம்பு யாருடையதோ. "ஐரோப்பாவைக் கலக்கும் எங்கள் வீட்டு மருமகன் ஒபின்னா" என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில். கீழே வரிசையாகத் தெருப் பையன்கள், எல்லோருக்கும் கூலிங் கிளாஸ். விக்கியைக் கூப்பிட்டுத் திட்டினேன். "சர்ப்ரைஸ் ஆண்டி" என்கிறான். உள்ளே வந்து பார்த்தால் உன் அப்பா கண்ணாடி முன்னால் மீசையைச் சரிசெய்துகொண்டு இருந்தார். அவரும் உடந்தை என்று அப்போதுதான் புரிந்தது.

யாரோ படம் எடுத்துப் போட, அது கடல் தாண்டி உங்கள் ஊர் ரசிகர்கள் கண்ணிலேயே பட்டது. அந்த வாரம் ஆட்டத்தில் மாப்பிள்ளை காலில் பந்து வந்தபோதெல்லாம், தங்களை விட்டுப் போகிறவன் என்று அத்தனை பேரும் ஊளையிட்டார்கள். உன் அப்பா போனில் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன சத்தம் என்று கேட்டேன். போனைக் கவிழ்த்து வைத்தார். அடுத்த சில நாளில் ஜெர்மனிக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக உன்னிடமிருந்து மெசேஜ். அதற்குப் பிறகு நீயும் சரியாகப் பேசுவதில்லை. உன் அப்பா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். அந்தப் பையன் பிழைப்பை நானே கெடுத்துவிட்டேன், மகளும் வெறுத்துவிட்டாள் என்று.

ஊரே பார்க்க, மத்தியான வெயிலில் ஏணி போட்டு ஏறி அந்த ஃப்ளெக்ஸை அவரே அவிழ்த்தார். விக்கி உதவிக்கு வந்தான், வேண்டாம் என்று கை காட்டிவிட்டார். இப்போது அது பூக்கார காந்தா கடைக்கு மழைத் தடுப்பு. படம் உள்பக்கம். "உன் மருமகன் மூஞ்சியப் பாத்துக்கினேதான் பூ கட்டுறேன் ஜானகி" என்கிறாள் அவள். நான் சிரித்துவிட்டேன். உன் அப்பா அந்தத் தெரு வழியே போவதையே விட்டுவிட்டார். கிரவுண்டுக்கும் போவதில்லை. கிரவுண்டில் கூட உட்காருகிற பெர்னார்ட் அண்ணன் வந்து கூப்பிட்டுப் பார்த்தார், இவர் தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு ஆட்டம் தெரியாது என்று அப்பாவும் மகளும் கேலி செய்வீர்கள். இருக்கட்டும். இங்கே ஒரு கிளப்புக்கு ஆடுவதற்காக நைஜீரியாவிலிருந்து வந்து நம் மாடி அறையில் குடியிருந்து நம் தெருத் தமிழ் பழகியபோது, ஒபின்னா பந்தைப் பார்ப்பதே இல்லை, ஆட்களைத்தான் பார்க்கிறான் என்று உன் அப்பா தினமும் சொல்லுவார். அவர் பந்தைக் கவனித்தார், நான் அடுப்பைக் கவனித்தேன், மாடிப்படியை யாரும் கவனிக்கவில்லை. அதன் பலன் நீ இப்போது பெல்ஜியத்தில் இருக்கிறாய். பின்லாந்து, டென்மார்க், பெல்ஜியம் என்று மாப்பிள்ளை ஒவ்வொரு படியாக ஏறியது எனக்குத் தெரிந்தது நான் அனுப்பிய பார்சல் விலாசத்தை வைத்துத்தான். உன் ரிசப்ஷனில் மாமா ஒருவர் மாப்பிள்ளை எத்தனை கோல் போட்டிருக்கிறார் என்று கேட்டபோது உன் அப்பாவுக்கு வந்ததே கோபம். நடுவில் ஆடுகிறவன் பந்தியில் பரிமாறுகிறவன் மாதிரி, அவன் சாப்பிட்டானா என்று யாரும் பார்ப்பதில்லை, அவன் இல்லாவிட்டால் ஒருவர் இலையிலும் சோறு விழாது என்றார். அன்றைக்குத்தான் எனக்கும் கொஞ்சம் புரிந்தது.

போன வாரம் வரை உன்மேல் எனக்குக் கோபம்தான். ஒரு ஃப்ளெக்ஸுக்காகப் பெற்ற அப்பனிடம் பேசாமல் இருப்பாயா என்று நாலு வார்த்தை எழுத நினைத்திருந்தேன். அதற்குள் மாப்பிள்ளை போன் வந்தது. அவர் பெயரைப் பார்த்ததும் உன் அப்பா போனை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நான் எடுத்தேன்.

எல்லாம் சொல்லிவிட்டார் வீணா. ஜெர்மனிக்காரர்கள் வேண்டாம் என்றது அவர் முட்டியைப் பார்த்து. ஃப்ளெக்ஸை அவர்கள் பார்த்தார்களோ இல்லையோ, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். ஸ்கேன் பார்த்த டாக்டர், இனி ஆடினால் நடப்பதே கஷ்டம் என்றாராம். இப்போதைய கிளப்பின் ஒப்பந்தமும் ஜூனோடு முடிகிறதாம். "வீணாதான் சொல்ல வேணாம்னா அத்தை. மாமா தாங்க மாட்டாருன்னு அழுவுறா" என்றார். நீ நர்ஸ். அந்த ஸ்கேனைப் பார்த்த நிமிஷமே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்து, வாயை மூடிக்கொண்டு, தனியாக அழுதிருக்கிறாய். என் மகளை நான் கோபித்துக்கொண்டு இருந்திருக்கிறேனே என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

கடைசியில் மாப்பிள்ளை ஒன்று கேட்டார். "இனிமே நான் ஆடலன்னா, மாமா என்கிட்ட என்ன பேசுவாரு அத்தை?"

சாப்பிட்டீங்களா என்று கேட்டேன்.

உன் அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தன்மேல் தப்பில்லை என்று தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்று நினைக்காதே. தன் தப்பு என்றிருந்தால் காலில் விழுந்தாவது சரிசெய்யலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. முட்டி என்று கேட்டால் அதுவும் போய்விடும். முட்டி போன ஆட்டக்காரர்கள் நம் தெருவில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அது என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிய வேண்டும். நீ சொல்ல வேண்டும், மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. வருகிற ஞாயிறு காலையில் போன் பண்ணு. போனை அவர் கையில் நான் திணித்துவிட்டு முத்தியாலம்மன் கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறேன். அவர் அழுவார். அழட்டும். நீ போனைப் பிடுங்காதே, மாப்பிள்ளை கேட்கட்டும். மாமா ஆட்டத்துக்காக அழுகிறாரா, மருமகனுக்காக அழுகிறாரா என்று மாப்பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் கையை ஒருவர் விடாமல் நன்றாக இருக்க வேண்டும். அம்மன் பார்த்துக்கொள்வாள். ராத்திரி முட்டிக்கு எண்ணெய் சூடு பண்ணித் தேய்த்துவிடு. டாக்டர் வேண்டாம் என்றால் விட்டுவிடு.

மாப்பிள்ளை கேட்டதற்கு அன்றைக்குப் பதில் சொல்லாமல் விட்டேன், இப்போது சொல்கிறேன், நீ படித்துக் காட்டு. மாமாவுக்குப் பேச்சு வரக் கொஞ்ச நாளாகும். அதுவரை அத்தைக்குப் போன் பண்ணச் சொல். எனக்குப் பந்தைப் பற்றி என்றைக்குமே ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷமும் நானும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டுதானே இருந்தோம்.

உங்கள் இருவருக்கும் அம்மாவான
ஜானகி