உன் பெயருக்கு நான் தூக்கிய கை

முகாமில் கட்டியிருக்கும் புது வீடுகளுக்கு இன்று பெயிண்ட் அடிக்கிறார்கள். டின்னைத் திறந்ததும் வந்த வாசனை உன்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. உன் சட்டை எப்போதும் இப்படித்தான் மணக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல்லுக்கு வெளியே இதே அகதி முகாமின் பின்வரிசையில் நமக்கொரு கூட்டம். பத்தொன்பது வயதில் நீ அதற்குத் தலைவன். தண்ணீர்க் குழாய்க்காக முன்வரிசைப் பையன்களோடு அடிபடாத வாரம் கிடையாது. நீ போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: "எங்கட ஆள் ஒருத்தனும் இல்லையெண்டு வரக் கூடாது." தலை எண்ண அதிகாரிகள் வரும் நாளில் ஆள் இல்லாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். அதனால் வேலைக்குப் போனவனுக்காக இன்னொருத்தன் தொப்பியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் வரிசையில் நிற்பான். பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அன்று நீ வேடசந்தூர்ப் பக்கம் ஏதோ மில்லுக்குச் சாரம் ஏறிப் பெயிண்ட் அடிக்கப் போயிருந்தாய். முந்தின நாளே திரும்பியிருக்க வேண்டும். உன் பெயரைக் கூப்பிட்டபோது நான் கை தூக்கினேன். கையெழுத்தும் போட்டேன்.

மத்தியானம் உன் அம்மா முகாம் அலுவலகத்துக்கு ஓடினார். நானும் கூடப் போனேன்.

"என்ர பிள்ளை நேற்றிலிருந்து வரேல்லை ஐயா."

காவலர் பதிவேட்டைப் புரட்டினார். "காலையிலதானம்மா கையெழுத்துப் போட்டிருக்கான். எங்கனயாச்சும் சுத்திட்டு வருவான், போங்க."

"அது இவன் போட்டது ஐயா." காலையில் வரிசையில் நின்று பார்த்திருந்த உன் அம்மா என்னைக் காட்டினார்.

"ஏலே, நீயா போட்ட?"

"இல்ல சார், அவன்தான் போட்டான்."

சொன்னேனடா. உன் பெயரைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமைகூடப் பட்டேன். யாரும் உன்னைத் தேடவில்லை.

நாலாம் நாள், குழாய்ச் சண்டையில் நான் மண்டையை உடைத்திருந்த முன்வரிசைக்காரன் ஒருவன், கட்டு மாற்றப் பெரியாஸ்பத்திரிக்குப் போனவன், அழுதுகொண்டே திரும்பி வந்தான். "உங்கட ஆள் அங்க பிணவறையில கிடக்கிறான்." சாரத்திலிருந்து விழுந்த உன்னை யாரோ வாசலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் போனபோது நர்ஸ் உன் அம்மாவிடம் சொன்னார். "ரெண்டு நாள் உசுரு இருந்துச்சும்மா. பேரு கேட்டோம், சொல்ல முடியல. யாராச்சும் தேடி வருவாகன்னு பாத்தோம்."

இத்தனை வருடம் கழித்தும் என்னால் அதை நம்ப முடியவில்லை. இரண்டு நாள்!

இப்போதும் தலை எண்ணுகிறார்கள். உன் அம்மா எனக்கு முன்னால்தான் நிற்பார். என் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் திரும்பி, கை தூக்குவது நான்தானா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்.