துரை வீட்டில் கொட்டிய தேன்

7-6-81, ஞாயிறு
மூன்று தேனீப் பெட்டியிலும் சேர்த்து இரண்டு போத்தல் தேன். பக்கத்து வீட்டுத் திலகம் ஒன்றை வாங்கிக்கொண்டாள். அவள் குழந்தைக்கு மூன்று மாதம். தினமும் நாக்கில் ஒரு சொட்டுத் தடவுகிறாள். "ஒங்க தேன்தான் ரஞ்சிதக்கா, புள்ள அழுகறதே இல்ல" என்றாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

9-6-81
மழை. தேனீக்கள் வெளியே வரவில்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கிற எங்களுக்கு அந்தக் கொடுப்பினை ஏது?

16-6-81, செவ்வாய்
எழுதினால்தான் மனசு அடங்கும்.

தோட்ட மேனேஜர் துரையின் பங்களாவில் சமைக்கும் அம்மாக்கண்ணுவிடம், இரண்டு மாதமாக ஏன் தேன் வாங்கவில்லை என்று கேட்டேன். மழுப்பினாள். நான் விடவில்லை. துரை என் தேனை ஈப்போ ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதித்தாராம். அதில் காரீயம் கலந்திருக்கிறதாம், குழந்தைகளுக்கு விஷமாம். ஏப்ரலிலேயே கடிதம் வந்துவிட்டது. பங்களாத் தேனை அன்றே கொட்டிவிட்டார்கள். கடிதம் ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியின் மேசையில் தூங்குகிறது.

எங்கள் லயத்து வீடுகளுக்குச் சொல்ல ஒருவருக்கும் வாய் இல்லையா? நாங்கள் மனுஷப் பிறவி இல்லையா?

திலகத்திடம் சொல்ல வேண்டும். முதலில் அந்தக் கிராணியை நாலு கேள்வி கேட்டுவிட்டு.

17-6-81
ஆபீசுக்கே போய்க் கிராணியைப் பிடித்தேன். தேனீப் பெட்டிக்கு அடித்த சிவப்புப் பெயிண்டால் வந்த வினையாம். தொழிற்சாலைக் கூரைக்கு அடித்து மிஞ்சியது. போன வருஷம் கூப்பிட்டுக் கொடுத்தவரே இந்தக் கிராணிதான்! மழைக்குத் தாங்கும் என்றார். நானும் உள்ளும் புறமும் அடித்துவைத்தேன்.

"ஏன் ஐயா எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா லயமே ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கும்லா. நேரம் பாத்து சொல்லலாம்னு இருந்தேன்."

நேரம் பார்த்தாராம். என்ன, கல்யாணத்துக்கு முகூர்த்தமா?

18-6-81
தொழிற்சங்கத் தலைவர் ராமையாவைப் பார்த்தேன். கடிதத்தின் நகல் கைக்கு வரும்வரை மூச்சு விடாதே, லயம் கொதித்தால் கிராணி அதைக் கிழித்துப்போடுவான் என்றார். சரியென்று பட்டது. லேபர் ஆபீசுக்குக் கொடுக்க வேண்டிய மனுவை நானே எழுதினேன். நாலு பக்கம். விஷத்தை மறைத்தவர் என்று கிராணியின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டேன்.

மாலையில் திலகம் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

20-6-81, சனி
ராமையா சண்டை போட்டு நகல் வாங்கிவிட்டார். அதை எடுத்துக்கொண்டு திலகம் வீட்டுக்கு ஓடினேன். கிராணியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அழவில்லை.

"ஒங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

"செவ்வாக்கெழம."

"காலையிலகூட தடவுனேன்க்கா. செவுத்துக்கு அந்தப் பக்கந்தான இருந்தீங்க."

28-6-81, ஞாயிறு
குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. திலகம் என்னோடு பேசுவதில்லை.

ராமையா மனுவைக் கொண்டுவந்தார். லயம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டது, திலகம் மட்டும் பாக்கி. கிராணியின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரையும் சேர்த்தால்தான் போடுவாளாம். யார் பெயர் என்று சொல்ல ராமையாவுக்கு வாய் வரவில்லை.

பேனாவை வாங்கி நானே எழுதினேன்.